பட்டம் வாங்கி இருபது வருடம் ஆனபின்: எந்த வயதில் எதை எட்டியிருக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: “பட்டம் வாங்கி 20 வருடம் ஆகிறது. எங்கள் பேட்ச்சுக்காக ஒரு மலர் போடுகிறார்கள். ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தர வேண்டுமாம். மற்றவர்கள் அனுப்பியதைப் படித்துப் பார்த்தேன். இயக்குநர், பேராசிரியர், சொந்த நிறுவனம், இரண்டு பிள்ளைகள் என்று போகிறது. எனக்கு எழுத ஒன்றுமே இல்லை. ஒரு பட்டதாரி எந்த வயதில் எதை எட்டியிருக்க வேண்டும் என்று ஏதாவது கணக்கு உண்டா? முந்தைய தலைமுறைகளுக்கு இது எப்படி இருந்தது?”

பதினெட்டு வருடமாக ஒரு பழைய மாணவர் இதழுக்கு வகுப்புச் செய்திகளைத் தொகுத்து வருகிறேன். அறுபது வருடத்துக்கு முன் பட்டம் வாங்கியவர்களும் எழுதுவார்கள், போன வருடம் வாங்கியவர்களும் எழுதுவார்கள். அதனால் உங்கள் கேள்வி எனக்குப் பழக்கமானது. ஒவ்வொரு இதழுக்கும் யாராவது ஒருவர் இதையே வேறு வார்த்தைகளில் கேட்டுவிடுவார். சுருக்கமாகச் சொன்னால், எல்லாருக்கும் பொதுவான கணக்கு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு கால அட்டவணை இருக்கிறது. அதை அந்த மனிதர்கள் போட்டுக்கொள்வதைவிட, அவர்கள் படிப்பு முடித்து வெளியே வந்த வருடம்தான் அதிகம் போடுகிறது. அது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், இப்படிப்பட்ட பக்கங்களை எப்படிப் படிப்பது என்பது. வந்த செய்திகளை வருட வாரியாக அடுக்கினால் ஒரு வடிவம் தெரியும். பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள் நிறைய எழுதுகிறார்கள்: முதல் வேலை, மேற்படிப்பு, கல்யாணம். பத்தாவது வருடம் வரும்போது குழந்தை, பதவி உயர்வு, வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. அதற்கப்புறம், பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை, பக்கம் மெலிந்துவிடும். எழுதுகிறவர்கள் பாதிக்கும் கீழே போய்விடுவார்கள். முப்பதைத் தாண்டியதும் திரும்ப வருவார்கள். இப்போது பிள்ளைகளின் பட்டமளிப்பு, திடீரென்று மாற்றிக்கொண்ட தொழில், எழுதி முடித்த புத்தகம். நாற்பதாவது வருடத்தில் ஓய்வு. ஐம்பதில் பேரக்குழந்தைகளும், இனி வர முடியாத நண்பர்களின் பெயர்களும்.

நீங்கள் இருப்பது சரியாக அந்த மெலிந்த பக்கத்தில். அங்கே ஏன் சத்தம் குறைகிறது என்று தெரிந்துகொள்ள, பல வருடமாக நானே தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன். “சொல்ல ஒன்றும் இல்லை” என்றுதான் ஆரம்பிப்பார்கள். பத்து நிமிடம் பேசினால் தெரியவரும்: படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை நான்கு வருடம் பார்த்துக்கொண்டது, வேலை போய் வேறு துறையில் அடிமட்டத்திலிருந்து தொடங்கியது, மண முறிவு, தனிக் கவனிப்பு தேவைப்படும் குழந்தை. ஒருவர் பதினொரு வருடம் இழுத்த முனைவர் பட்ட ஆய்வை அந்த மாதம்தான் முடித்திருந்தார். “ரொம்ப லேட், இதையெல்லாம் எப்படிப் போடுவது” என்று அனுப்பாமல் வைத்திருந்தார். வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு முறை வழிகாட்டி மாறி, பதினொரு வருடம் ஒரு கேள்வியை விடாமல் பிடித்திருந்த மனிதர். அந்த இதழிலேயே பெரிய செய்தி அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆக, உங்கள் கையில் இருப்பது பேட்ச்சின் கதை முழுவதும் இல்லை, எழுத மனம் வந்தவர்களின் கதை மட்டுமே. மொத்தம் எத்தனை பேர் படித்தீர்கள், எத்தனை பேர் எழுதித் தந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இடைவெளியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே அதே பக்கங்களைப் படித்துவிட்டுத் தயங்கிக்கொண்டிருப்பார்கள்.

சரி, தலைமுறைக் கேள்விக்கு வருகிறேன். இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில், 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினின் ஆய்வில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் பெற்ற பெண்களை, அவர்கள் பட்டம் பெற்ற காலத்தை வைத்து ஐந்து குழுக்களாக அவர் பிரித்தார். 1900 முதல் 1920 வரை வெளியே வந்தவர்கள் முதல் குழு. அவர்களுக்கு முன் இருந்தது இரண்டில் ஒன்று: தொழில் அல்லது குடும்பம். அந்தக் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குழந்தை இல்லை, கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அடுத்த குழு 1945 வரை வந்தவர்கள். கொஞ்ச காலம் வேலை, பிறகு குடும்பம். கல்யாணமானால் ஆசிரியை வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி அப்போது பல இடங்களில் இருந்தது, கூடவே 1930களின் பொருளாதாரப் பெருமந்தம். மூன்றாவது குழு, இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் 1960களின் நடு வரை. இவர்கள் தலைகீழ்: படிப்பு முடிந்த சூட்டோடு கல்யாணம், குழந்தைகள், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வேலை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மணமானவர்கள். நான்காவது குழு 1970களின் இறுதி வரை. கருத்தடை மாத்திரை 1960இல் அங்கே அனுமதி பெற்றது. மணமாகாத இளம் பெண்களின் கைக்கு அது பரவலாக வந்தது 1970ஐ ஒட்டித்தான். அதோடு சட்டம், மருத்துவம் போன்ற நீண்ட படிப்புகளில் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள், கல்யாணம் தள்ளிப்போனது. முதலில் தொழில், பிறகு குடும்பம் என்று இருந்தவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிள்ளை இல்லாமலே போனது. 1980க்குப் பின் வந்த ஐந்தாவது குழு இரண்டையும் சேர்த்து நடத்தப் பார்க்கிறது. கல்யாணமும் குழந்தையும் இன்னும் தள்ளிப்போயின. ஆனால் செயற்கைக் கருத்தரிப்பு போன்ற வசதிகள் வந்துவிட்டதால், முந்தைய குழுவைவிட இவர்களில் தாயானவர்கள் அதிகம்.

இந்த ஆய்வைப் படித்த பிறகு நான் செய்திகளைத் தொகுக்கும் விதமே மாறிவிட்டது. 1957இல் பட்டம் வாங்கி நாற்பதாவது வயதில் முதல் சம்பளம் பார்த்த பெண் பிந்தியவர் இல்லை, தன் தலைமுறையின் நேரப்படிதான் வந்திருக்கிறார். 1976இல் வெளியே வந்து முப்பத்தெட்டில் மருத்துவத் துறைத் தலைவரானவரின் குறிப்பில் குழந்தைகள் இல்லாததற்கும் அந்தக் காலத்தின் பங்கு உண்டு. அம்மாவின் அட்டவணையை வைத்து மகளை அளப்பதும், மகளின் அட்டவணையை வைத்து அம்மாவை அளப்பதும் எத்தனை குடும்பங்களில் மனக்கசப்பை உண்டாக்கியிருக்கின்றன என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

அதற்கும் பின்னால் போனால், பட்டம் என்ற காகிதமே எல்லாருக்கும் கிடைக்கவில்லை. 1890இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ஃபிலிப்பா ஃபாசெட் என்ற பெண் முதல் இடம் பெற்ற ஆணைவிட அதிக மதிப்பெண் எடுத்தார். ஆனால் முதல் இடத்துக்கான பட்டப்பெயரும் தரவில்லை, பட்டமும் தரவில்லை. பெண்களுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் 1920இல்தான் பட்டம் தரத் தொடங்கியது, கேம்பிரிட்ஜ் 1948இல்.

ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர்கள், ஒரே வருடம் என்றால் கூட அட்டவணை ஒன்றாக இருக்காது. இதற்கு ஸ்டான்ஃபோர்ட் சட்டப் பள்ளியின் 1952ஆம் ஆண்டு வகுப்பைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வில்லியம் ரென்க்விஸ்ட், சாண்ட்ரா டே (பிறகு சாண்ட்ரா டே ஓ’கானர்) இருவரும் அதில் படித்தார்கள். முடித்ததும் ரென்க்விஸ்டுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் உதவியாளர் பணி கிடைத்தது. சாண்ட்ரா ஏறி இறங்கிய சட்ட நிறுவனங்களில் ஒன்று மட்டும் வேலை தர முன்வந்தது, அதுவும் செயலாளர் வேலை. கடைசியில் ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், சம்பளமே வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தார்.

இவர்களின் வகுப்பு மலரைக் கற்பனை செய்து பாருங்கள். பத்தாவது வருடம், 1962: ரென்க்விஸ்ட் வழக்கறிஞர். ஓ’கானர் சொந்தமாக நடத்தி வந்த சின்ன அலுவலகத்தை விட்டுவிட்டு, மூன்றாவது மகனையும் பெற்று வீட்டில் இருக்கிறார். அந்த ஓய்வு ஐந்து வருடம் நீண்டது. இருபதாவது வருடம், 1972, அதாவது இன்று நீங்கள் இருக்கும் இடம்: ரென்க்விஸ்ட் அந்த ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றுவிட்டார். ஓ’கானர் அரிசோனா மாநில செனட்டில் ஓர் உறுப்பினர். அன்றைக்கு இரண்டு அரைப் பக்கங்களையும் அருகருகே வைத்தால் யாராக இருந்தாலும் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். ஒன்பது வருடம் கழித்து, 1981இல், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக ஓ’கானர் அதே மேடையில் அமர்ந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாபக மறதி நோய் வந்த கணவரைக் கவனித்துக்கொள்ள, 2006இல் அந்தப் பதவியை விட்டு விலகினார். இதையும் அவரது வாழ்க்கையின் மைல்கல்லாகத்தான் நான் எழுதுவேன்.

பொருளாதாரத்தின் பங்கை எண்ணாகவே காட்டலாம். கனடாவில் 1976 முதல் 1995 வரை பட்டம் பெற்ற ஆண்களின் வருமானத்தை ஓரியோபூலோஸ், ஃபான் வாக்டர், ஹைஸ் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பொருளாதார மந்தம் வந்த வருடத்தில் வெளியே வந்தவர்களின் தொடக்கச் சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைந்திருந்தது. அந்த இடைவெளி ஐந்து வருடத்தில் பாதியாகி, ஏறக்குறைய பத்து வருடத்தில் மறைந்தது. நிறுவனம் மாறி மாறித்தான் அவர்கள் மேலே வந்தார்கள். அதனால் அவர்களின் முதல் பத்து வருடம் காகிதத்தில் நிலையில்லாதவர்களின் வாழ்க்கை போலத் தெரியும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேலையின்மை உச்சத்தில் இருந்தபோது வெளியே வந்தவர்களைப் பற்றி லிசா கான் செய்த ஆய்வில், பாதிப்பு இதைவிட நீண்ட காலம் தொடர்ந்தது தெரிகிறது. இரண்டு வருடம் முன்போ பின்போ பிறந்திருந்தால் வேறு கதை. உங்கள் பேட்ச் எந்த வருடத்தில் வெளியே வந்தது என்பதையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

போர் இன்னொரு வகை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், திரும்பிய அமெரிக்க வீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்றது. 1947இல் அங்கே கல்லூரியில் இருந்தவர்களில் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். இருபத்தைந்து வயதில், மனைவி குழந்தையோடு, முதலாம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் உண்டு. வயதுக்கும் படிப்புக்கும் இருந்த பழைய முடிச்சு அவர்களால்தான் தளர்ந்தது.

அந்தத் தலைமுறையில் ஒருவர் ஜான் குட்இனஃப். போரின்போது ராணுவத்தில் வானிலைப் பிரிவில் இருந்துவிட்டு, 1946இல் சிகாகோவில் இயற்பியல் படிக்கப் போனார். இந்த வயதுக்குள் இயற்பியலில் சாதிக்க வேண்டியவர்கள் சாதித்து முடித்திருப்பார்களே என்று அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் சொன்னாராம். குட்இனஃபுக்கு அப்போது இருபத்து நான்கு வயதுதான். இன்று நம் கைப்பேசிகளில் இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்துக்கு அடித்தளமான கண்டுபிடிப்பை அவர் செய்தது 1980இல், ஐம்பத்தேழு வயதில். அப்போது வேலை பார்த்த பிரிட்டனில் கட்டாய ஓய்வு வயது நெருங்கியதும், ஓய்வு பெற விரும்பாமல் டெக்சாஸுக்குப் போய் அங்கே இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். 2019இல் நோபல் பெற்றபோது அவருக்கு 97 வயது. அந்தப் பரிசின் வரலாற்றிலேயே மூத்தவர்.

அவ்வளவு பெரிய ஆளை எல்லாம் உதாரணம் காட்டினால் சாதாரண மனிதருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பரிசு வந்ததற்காக அவர்களைச் சொல்லவில்லை. பரிசுக்கு முந்தைய வருடங்களில் அவர்களுடைய அரைப் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். உயிர்வேதியியலாளர் கேட்டலின் கரிகோவைப் பாருங்கள். 1982இல் ஹங்கேரியில் முனைவர் பட்டம், 1985இல் அமெரிக்கா. ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான கட்டளையைச் செல்லுக்குள் கொண்டுபோகும் மூலக்கூறு) ஆய்வுக்கு நிதி கிடைக்காததால் 1995இல் பணியில் கீழே இறக்கப்பட்டார். சக ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட முக்கியமான ஆய்வுக் கட்டுரையை அன்றைக்குப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2008இல் அவரது வகுப்புக்கு ஒரு குறிப்பு எழுதச் சொல்லியிருந்தால் எது தலைப்பாக வந்திருக்கும்? அந்த வருடம் அவருடைய மகள் சூசன் ஃப்ரான்சியா துடுப்புப் படகுப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார், 2012இல் மறுபடியும். அந்த வீட்டில் உலகம் முதலில் பார்த்தது மகளைத்தான். அம்மாவின் ஆய்விலிருந்து பிறந்த கோவிட் தடுப்பூசிகள் 2020இல் வந்தன, நோபல் 2023இல் வந்தது. இடைப்பட்ட அந்த வருடங்களில் அவர் தினமும் ஆய்வகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். எத்தனையோ பேர் இன்றும் அப்படிப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். பரிசு அவர்களில் மிகச் சிலருக்குத்தான் வரும், ஆனால் செய்கிற வேலை அதே வேலைதான்.

பட்டதாரிகளின் வாழ்க்கையை வயதான காலம் வரை பின்தொடர்ந்த ஆய்வுகளும் இருக்கின்றன. 1938இல் ஹார்வர்டில் தொடங்கிய ஆய்வு 268 மாணவர்களை எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கென்னடியும் அவர்களில் ஒருவர். அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் வெள்ளையர்கள், நல்ல வாய்ப்புள்ளவர்கள். அந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டுதான் முடிவுகளைப் படிக்க வேண்டும். எண்பது வயதில் யார் நலமாக இருந்தார்கள் என்று திரும்பிப் பார்த்தபோது, ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஐம்பது வயதில் ரத்தத்தில் இருந்த கொழுப்பின் அளவைவிட அது நல்ல முன்னறிகுறியாக இருந்தது. மாறாக, இத்தனை வாய்ப்புகள் இருந்தும் குடிப் பழக்கத்தால் குடும்பத்தையும் உடல்நலத்தையும் இழந்தவர்கள் அதில் பலர்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவின் மில்ஸ் கல்லூரியில் 1958, 1960 ஆண்டுகளில் படிப்பு முடித்த சுமார் 140 பெண்களை, ரவென்னா ஹெல்சன் என்ற உளவியலாளர் ஐம்பது வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார். இவர்கள் கோல்டின் சொன்ன மூன்றாவது குழு: இருபதுகளில் கல்யாணம், குழந்தைகள், வேலை பிறகு. முப்பதுகளில் தன் மேலேயே சந்தேகம் நிறைந்திருந்தவர்கள் பலர், ஐம்பதுகளின் தொடக்கத்தில் உறுதியும் தெளிவும் கூடியவர்களாக இருந்தார்கள். தங்கள் வாழ்க்கை அப்போதுதான் முதல் தரமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் கணிசம். குணமே ஐம்பதுகளிலும் மாறிக்கொண்டிருந்தது. இளவயதிலேயே மனிதர் உருவாகி முடிந்துவிடுகிறார் என்று அதுவரை நம்பப்பட்டதை இந்த ஆய்வு அசைத்தது.

இனி உங்கள் அரைப் பக்கம். எழுதுங்கள் என்றே சொல்வேன். பதவியிலிருந்து தொடங்க வேண்டாம். இப்போது எந்த வேலை உங்கள் நாளை எடுத்துக்கொள்கிறது, அதில் எது கடினம், எது பிடித்திருக்கிறது என்று இரண்டு வரி. யாரோடு இருக்கிறீர்கள், யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு வரி. கல்லூரியில் படித்ததில் எது இன்னும் கூட வருகிறது என்று ஒன்று. சொல்ல விருப்பமில்லாத துன்பத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் “இடையில் சில கஷ்டமான வருடங்கள் இருந்தன” என்ற ஒரே ஒரு வாக்கியம், எழுதாமல் தயங்கி நிற்கும் இன்னும் சிலருக்கு வழி திறந்துவிடும். இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசியில் உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்று கட்டாயம் போடுங்கள். பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எண்பத்து மூன்று வயதான ஒரு கணித ஆசிரியை போன வருடம் எனக்கு நான்கு வரி அனுப்பியிருந்தார். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தது, மறுபடி படிக்க முடிகிறது, பழைய கணக்குகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், கூட உட்கார்ந்து போட ஆள் இருந்தால் எழுதுங்கள். அவ்வளவுதான். அந்த இதழில் வந்த எல்லாச் செய்திகளையும்விட அதற்குத்தான் அதிகம் பதில் வந்தது. பதினொரு கடிதங்கள். அவற்றில் ஆறு, அதுவரை ஒரு தடவை கூட எங்களுக்கு எழுதாதவர்களிடமிருந்து.